ஆள்காட்டியின் ஒரே கூச்சல்

பறவைகளும் விலங்குகளும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஆள்காட்டிக் குருவிக்கு இப்போது இருப்பதுபோல ஒரே ஒரு கூச்சல் மட்டும் இல்லை. ஒவ்வோர் ஆபத்துக்கும் ஒன்றாக அதனிடம் நிறையச் சொற்கள் இருந்தன. அத்தனையும் எங்கே போயின என்பதுதான் கதை. யாரும் திருடிக்கொண்டு போகவில்லை. அதுவாகவே ஒருநாள் தூக்கி எறிந்தது.

கூத்தங்கண்மாய் என்று ஒரு கண்மாய். சித்திரை பிறந்துவிட்டால் நடுவில் ஒரு குட்டையும், சுற்றிலும் வெடித்த மண்ணும், கூழாங்கல்லும், கோரைப்புல்லும், ஆவாரம்புதர்களும்தான் மிஞ்சும். அங்கே குடியிருந்த ஆள்காட்டியின் பெயர் மூக்காயி. மூக்கின் பக்கத்தில் சிவப்பாகச் சதை தொங்கியதால் வந்த பெயர். புருஷன் பெயர் காத்தான். கண்மாய்க்குக் காவல் இவர்கள் இரண்டு பேரும்தான். காத்தான் சும்மா பேருக்குக் காவல். உண்மையில் காவலுக்கென்றே பிறந்தவள் மூக்காயி. அவளிடம் அதற்குரிய தகுதி ஒன்று இருந்தது, அவள் யாரையும் நம்ப மாட்டாள்.

சருகு அசைந்தால் ஏன் அசைந்தது என்பாள். அசையாவிட்டால் ஏன் அசையவில்லை என்பாள். மேகம் ஒன்று இரண்டு நாள் சேர்ந்தாற்போல் ஒரே பக்கம் போனால், அங்கே அதற்கு என்ன வேலை என்று கேட்பாள். இப்படி ஒருத்தி காவலுக்குக் கிடைத்தால் யார் வேண்டாம் என்பார்கள்?

காவலுக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. மூக்காயி "கிர்ரீ" என்றால் வானத்தில் பருந்து, எல்லோரும் புதருக்குள் ஓட வேண்டும். "டொக்டொக்" என்றால் புதருக்குள் பாம்பு, எல்லோரும் வெட்டவெளிக்கு வந்துவிட வேண்டும். "கேவ்" என்றால் நரி. இவை போக மாட்டுக்கு ஒரு சொல், மனுஷனுக்கு ஒன்று, மழைக்கு ஒன்று. சொல் காதில் விழுந்தால் திரும்பிப் பார்க்கக் கூடாது, என்ன ஏது என்று கேட்கக் கூடாது, ஓடிவிட வேண்டும். பார்ப்பதற்கு மூக்காயி இருக்கிறாளே!

ஆள்காட்டிக் குலத்துக்கு இன்னொரு வழக்கமும் இருந்தது. அவர்களுடைய குஞ்சுகள் பொரித்த அன்றைக்கே கால் ஊன்றி நடந்துவிடும். உட்கார வைத்துச் சொல்லித்தர நேரம் கிடையாது. அதனால் முட்டைக்குள் இருக்கும்போதே பாடம் ஆரம்பித்துவிடும். தினமும் வெயில் ஏறுவதற்கு முன்னால் தாய் முட்டைகளின் மேல் குனிந்து, சொல்லையும் அதன் பொருளையும் நிறுத்தி நிறுத்தி, உரக்கச் சொல்ல வேண்டும். ஓட்டைத் தாண்டி உள்ளே கேட்க வேண்டுமே.

அந்த வருஷம் மூக்காயி கூழாங்கற்களுக்கு நடுவே நான்கு முட்டைகள் இட்டிருந்தாள். கல் எது, முட்டை எது என்று காத்தானுக்கே சில சமயம் குழம்பிவிடும். மூக்காயி அவற்றுக்குத் தினமும் பாடம் சொன்னாள். "கிர்ரீன்னா பருந்து. கேட்டதும் புதருக்குள்ள ஓடணும். திரும்பிப் பாக்கக் கூடாது, என்ன? கிர்ரீ." நான்கு முட்டைகளும் சமர்த்தாகக் கேட்டுக்கொண்டிருந்தன.

ஒருநாள் உச்சிவெயிலில் "கிர்ரீ" என்று சத்தம் கேட்டது. கண்மாயில் மேய்ந்துகொண்டிருந்த எல்லோரும் தலைதெறிக்க ஆவாரம்புதருக்குள் ஓடினார்கள். ஓடின வேகத்தில் முயலின் குட்டி முதலில் போய் நுழைந்தது. நுழைந்ததுதான், திரும்பி வரவில்லை. புதருக்குள் படுத்திருந்த நரி அதைக் கவ்விக்கொண்டு மறுபக்கமாகப் போய்விட்டது.

வானத்தைப் பார்த்தால் பருந்து என்ன, ஒரு தும்பிகூட இல்லை.

"ஏன் தாயி அப்படிக் கூப்பிட்ட?" என்று முயல் கேட்டது. அதற்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை.

"நான் கூப்பிடவே இல்ல" என்றாள் மூக்காயி. "நான் குட்டைக்கிட்டத் தண்ணி குடிச்சிக்கிட்டிருந்தேன்."

"உன் குரல்தான. எனக்குத் தெரியாதா?"

மூக்காயிக்கு அது தன் குரல்தான் என்று தெரிந்திருந்தது. கேட்டபோது அவளுக்கே ஒரு கணம் தானா கூப்பிட்டோம் என்று இருந்தது. எல்லோரும் அவளையே பார்த்தார்கள். பிறந்ததிலிருந்து அவள்தான் எல்லோரையும் அப்படிப் பார்த்திருக்கிறாள். தன்னை ஒருவர் அப்படிப் பார்த்தால் எவ்வளவு வலிக்கும் என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. தெரிந்து என்ன பிரயோஜனம்? தன் குரலில் கூப்பிட்டது நரிதான், அதற்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று அடுத்த நிமிஷமே ஒவ்வொரு முகமாகப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

முதலில் மைனா பவுனு மேல் சந்தேகம் வந்தது. மஞ்சள் மூக்குக்காரி. யார் பேசினாலும் அப்படியே பேசிக் காட்டுவாள். ஆட்டைப்போல் கத்துவாள், மாட்டு மணிபோல் ஒலிப்பாள், கிணற்று உருளைபோல் கிறீச்சிடுவாள். அவளுக்குத் தெரியாத குரல் இல்லை.

"பெரியம்மா, நான் விளையாட்டுக்குப் பேசுவேன். அதுக்காகக் குட்டியக் காட்டிக் குடுப்பேனா?" என்று பவுனு அழுதாள். அழுகையும் யார் குரலிலோ இருப்பதுபோல் மூக்காயிக்குப் பட்டது.

சரி, சொல்லையே மாற்றிவிடுவோம் என்று மூக்காயி முடிவு செய்தாள். பருந்துக்கு இனிமேல் "சில்லீ." ஒவ்வொருவர் காதிலும் தனித்தனியாகப் போய்ச் சொன்னாள். பவுனுக்கு மட்டும் கடைசியாகச் சொன்னாள். மறக்காமல் முட்டைகளுக்கும் பாடத்தைத் திருத்தினாள். "பழசு வேண்டாம். இனிமே சில்லீன்னா பருந்து. எங்க, மனசுல வச்சுக்குங்க. சில்லீ."

நான்காம் நாள் ஆவாரம்புதர்ப் பக்கமிருந்து மூக்காயியின் குரலில் "சில்லீ" கேட்டது. தண்ணீர்க்கோழி ஒருத்தி ஓடி நுழைந்தாள். அவளுடைய இறகுகள்தான் வெளியே வந்தன.

அதற்குப் பிறகு மூக்காயிக்குத் தூக்கமே போய்விட்டது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எல்லோரையும் கவனித்தாள். பவுனு சாணியைக் கிளறிக்கொண்டே நரியின் வளை வரைக்கும் போகிறாள், அங்கே என்ன? கௌதாரி சடைச்சி ஐந்து குஞ்சுகளை இழுத்துக்கொண்டு எந்நேரமும் புதரடியில்தான் மேய்கிறாள், நரி இவளை மட்டும் ஏன் தொடுவதில்லை? தன் முட்டைகளுக்குப் பக்கத்திலேயே குடியிருக்கலாம் என்று சடைச்சிக்கு இடம் விட்டவளே மூக்காயிதான். இரண்டு பேரும் மதினி, மதினி என்று ஒரே கல்லடியில் பூச்சி பொறுக்கியவர்கள். இப்போது சடைச்சி "என்ன மதினி, சாப்டியா?" என்று கேட்டால்கூட, எதற்குக் கேட்கிறாள் என்று மூக்காயி யோசித்தாள்.

ஒருநாள் காத்தான் இரை தேடிவிட்டுக் கொஞ்சம் தாமதமாக வந்து இறங்கினான்.

"எங்க போனீங்க?"

"வடகரைக்கு. அங்க மண்புழு நல்லா இருக்கு."

"வடகரையில ஏது ஈரம்?"

"நேத்து ஒரு எருமை படுத்துப் புரண்டுச்சு, அந்த எடத்துல."

"எந்த எருமை?"

காத்தான் அவளை உற்றுப் பார்த்தான். "ஏ புள்ள, என்னையுமா?" என்றான். ஆமாம் என்று சொன்னால் பொல்லாப்பு, இல்லை என்று சொன்னால் பொய். மூக்காயி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்றைக்குத்தான் அவளுக்கு ஒரு யோசனை உதித்தது. மூன்று பேருக்கும் மூன்று வேறு சொற்கள் கொடுப்பது. பவுனிடம் போய், "பருந்துக்கு இனிமே டுர்ர். உனக்கு மட்டும்தான் சொல்றேன், நீ மத்தவங்களுக்குச் சொல்லாத, நானே சொல்லிக்கிறேன்" என்றாள். சடைச்சியிடம் போய் அதே மாதிரி "பீப்பீ" என்றாள். காத்தானிடம் "கெக்கே" என்றாள். நரி எந்தச் சொல்லைச் சொல்கிறதோ, அந்தச் சொல்லுக்குரியவர் அகப்பட்டுக்கொள்வார். தன் புத்தியை நினைத்து அவளுக்கே பெருமையாக இருந்தது. முட்டைகளிடம் மட்டும் மறைக்க முடியுமா? பெற்ற வயிறு கேட்குமா? "டுர்ர்னாலும் பருந்து, பீப்பீன்னாலும் பருந்து, கெக்கேன்னாலும் பருந்து. எது கேட்டாலும் புதருக்குள்ள ஓடணும்" என்று மூன்றையும் சேர்த்தே பாடம் சொன்னாள்.

நரி வாய் திறக்கவில்லை. ஒருநாள் போயிற்று, இரண்டு நாள் போயிற்று.

மூன்றாம் நாள் வந்தது நிஜமான பருந்து.

பனைமரத்துக்குப் பின்னாலிருந்து சத்தமில்லாமல் வந்தது. சடைச்சி குஞ்சுகளோடு வெட்டவெளியில் நின்றாள். பவுனு குட்டை ஓரம், காத்தான் கரைமேல். மூக்காயி பார்த்துவிட்டாள், வாயைத் திறந்துவிட்டாள். எந்தச் சொல்? மூன்று சொற்களும் தொண்டையில் முட்டிக்கொண்டு நின்றன. பதற்றத்தில் முதலில் வெளியே வந்தது "டுர்ர்."

பவுனு விருட்டென்று புதருக்குள் போய்விட்டாள். சடைச்சி மட்டும் தலையைத் தூக்கி, "என்ன மதினி? என்ன சொல்ற?" என்று கேட்டாள். கேட்டு முடிப்பதற்குள் நிழல் ஒன்று மேலே விழுந்து எழுந்தது. ஐந்து குஞ்சுகள் நான்கு ஆயின.

சடைச்சி மீதி நான்கையும் சிறகுக்குள் இழுத்துக்கொண்டாள். பிறகு பவுனிடம் போய், "உனக்கு அவ என்ன சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டாள். பவுனு சொன்னாள். காத்தானிடம் கேட்டாள். அவனும் சொன்னான். மூவரும் மூக்காயியைப் பார்த்தார்கள்.

"எம்மேல சந்தேகம்னா என்கிட்ட வந்து சண்டை போட்டிருக்கலாம் மதினி" என்றாள் சடைச்சி. "சண்டை போட்டிருந்தா நானும் நாலு வார்த்தை திட்டியிருப்பேன். எம்புள்ள இருந்திருக்கும்."

அவள் மீதிக் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு தூரத்துக் கரையோரம் போய்விட்டாள். முயலும் போயிற்று. பவுனு பறந்து போகும்போது யார் குரலிலும் பேசவில்லை, பேசவே இல்லை. காத்தான் மட்டும் கரைமேல் தனியாக நின்றான். மூக்காயி முட்டைகளின் மேல் உட்கார்ந்து அழுதாள். செய்தது தப்பு என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும், இத்தனைக்கும் காரணமான அந்த ஆள் இந்த மூன்று பேரில் ஒருவர்தானே என்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. சந்தேகம் என்பது அப்படி ஒரு வியாதி. அழும்போதுகூட ஒரு கண் திறந்தே இருக்கும்.

மறுநாள் காலையில் முட்டைகள் நான்கும் உள்ளிருந்து தட்டின. ஓடு விரிசல் விட்டது. வெயில் ஏறுவதற்குள் நான்கு குஞ்சுகளும் வெளியே வந்து, ஈரம் காய்ந்து, குச்சிக் கால்களில் தள்ளாடி நின்றன. கூழாங்கல்லுக்குக் கால் முளைத்த மாதிரி இருந்தன. மூக்காயி எல்லாக் கவலையையும் ஒரு நிமிஷம் மறந்துவிட்டாள்.

அப்போது ஆவாரம்புதரிலிருந்து அவள் குரலிலேயே ஒரு சத்தம் வந்தது. "டுர்ர்."

"பவுனு! நினைச்சேன்" என்று மூக்காயி பல்லைக் கடித்தாள். பறவைக்குப் பல் ஏது என்று கேட்காதீர்கள், அந்தக் காலம் அது.

குஞ்சுகள் தலையைத் தூக்கின. அவற்றுக்குத் தெரிந்த சொல். அம்மாவின் குரல்.

"பீப்பீ" என்றது புதர்.

"அடிப்பாவி, சடைச்சியுமா?"

"கெக்கே" என்றது புதர்.

"அப்போ... இவருமா?"

மூக்காயி எண்ணிப் பார்த்தாள். மூன்று பேரும் கூட்டா? பவுனுக்குச் சடைச்சியின் சொல் தெரியாது. சடைச்சிக்குக் காத்தானின் சொல் தெரியாது. நேற்றுப் பருந்து வந்துபோன பிறகுதானே அவர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்? அதற்குள் மூன்று பேரும் ஓடிப்போய் நரியிடம் சொல்லிவிட்டார்களா? இல்லை, இல்லை. முதலிலிருந்தே மூன்று சொல்லையும் ஒருசேரக் கேட்டவர்கள் யார்? நான்கு முட்டைகள். அவ்வளவுதான். ஒரு கணம் (இதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது) அவள் பிறந்து அரை நாள்கூட ஆகாத தன் குஞ்சுகளையே சந்தேகமாகப் பார்த்தாள்.

பார்த்த கண்ணுக்கு, குஞ்சுகளுக்குப் பின்னால் பத்தடி தூரத்தில், கோரைப்புல் ஒரு இடத்தில் மட்டும் அமுங்கிக் கிடப்பது தெரிந்தது. யாரோ தினமும் வந்து படுத்து எழுந்த இடம். செம்பட்டை மயிர் இரண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. முட்டை வைத்த இடத்துக்குக் காது எட்டும் தூரம்.

மூக்காயிக்கு எல்லாம் புரிந்துவிட்டது. நரிக்கு யாரும் போய்ச் சொல்லவில்லை. தினமும் காலையில், நிறுத்தி நிறுத்தி, பொருளோடு சேர்த்து, உரக்கச் சொல்லிக் கொடுத்தவள் அவளேதான். கண்மாயில் எல்லோரையும் சந்தேகப்பட்டவள், தன் வாயை மட்டும் சந்தேகப்படவில்லை.

இதற்குள் குஞ்சுகள் ஓட ஆரம்பித்துவிட்டன. எது கேட்டாலும் புதருக்குள் ஓடு, திரும்பிப் பார்க்காதே என்றுதானே பாடம்? தள்ளாடித் தள்ளாடி நான்கும் ஆவாரம்புதரைப் பார்த்துப் போயின. புதருக்குள் இரண்டு கண்கள் காத்திருந்தன.

என்ன சொல்லித் தடுப்பது? அவள் "கேவ்" என்று கத்தினால், நரி உடனே அவள் குரலிலேயே "டுர்ர்" என்னும். "டொக்டொக்" என்றால் "பீப்பீ" என்னும். அவளிடம் இருந்த ஒவ்வொரு சொல்லும் நரியிடமும் இருந்தது. மூக்காயி அத்தனை சொற்களையும் அந்த இடத்திலேயே விட்டாள். வாயில் வந்தது சொல்லே இல்லை. பயமும் கோபமும் அழுகையும் சேர்ந்த ஒரு வெறும் கூச்சல்.

"டிட்டிட்டீ! டிட்டிட்டீ! டிட்டிட்டீ!"

குஞ்சுகள் நின்றுவிட்டன. இது பாடத்தில் இல்லாதது. ஓடச் சொல்கிறதா, உட்காரச் சொல்கிறதா, ஒன்றும் புரியவில்லை. புரியாததால், செய்யக் கூடாதென்று சொல்லியிருந்த அந்த ஒரு காரியத்தைச் செய்தன. திரும்பிப் பார்த்தன. அம்மா கழுத்தை நீட்டிப் புதரைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள். அவளுடைய அலகு போன திசையில் பார்த்தன. இலைக்கு நடுவே நரியின் முகம் தெரிந்தது. அவ்வளவுதான், நான்கும் இருந்த இடத்தில் அப்படியே மண்ணோடு மண்ணாகப் படுத்துவிட்டன. நான்கு கூழாங்கற்கள்.

நரி விடுமா? அதற்கும் குரல் இருக்கிறதே. "டிட்டிட்டீ!" என்று அதுவும் கத்தியது.

இங்கேதான் அது மாட்டிக்கொண்டது. தூரத்துக் கரையில் இருந்த சடைச்சிக்குக் கேட்டது. பனைமரத்தில் இருந்த பவுனுக்குக் கேட்டது. காத்தானுக்குக் கேட்டது. ஒருவருக்கும் அந்தச் சத்தத்துக்குப் பொருள் தெரியாது. அதனால் ஒருவரும் ஓடவில்லை, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். புதருக்குள் உட்கார்ந்து வாயைப் பிளந்துகொண்டிருந்த நரியை எல்லோருமே பார்த்துவிட்டார்கள்.

காத்தான்தான் முதலில் பாய்ந்தான். தலைக்கு மேல் பறந்து பறந்து சிறகால் அடித்தான். பவுனு வந்தாள். தன் சொந்தக்காரர்கள் இருபது பேரையும் கூட்டிக்கொண்டு வந்தாள். நரி புதரை விட்டு வெளியே வந்தது.

"சண்டாளா, எம்புள்ளைகளையா?" என்று மூக்காயி அதன் முகத்துக்கு நேரே பறந்தாள்.

"என்னை ஏன்மா வையுற?" என்றது நரி, ஓடிக்கொண்டே. "நீ தினமும் சொல்லிக் குடுத்த பாடத்தத்தான ஒப்பிச்சேன்?"

அது எல்லோர் காதிலும் விழுந்தது. மூக்காயி தலை குனிந்து நின்றாள்.

அன்று மாலையே அவள் தூரத்துக் கரைக்குப் போனாள். சடைச்சியிடம், பவுனிடம், முயலிடம் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். "உங்க யார் மேலயும் தப்பு இல்ல. என் வாய்தான் நரிக்குச் சொல்லிக் குடுத்திருக்கு. என்னை மன்னிச்சிரு மதினி. பழையபடி பக்கத்துல வந்துரு. பருந்துக்கு இனிமே..." என்று ஒரு சொல்லைச் சொல்ல வாயெடுத்தாள்.

"வேண்டாம் மதினி" என்றாள் சடைச்சி. "எனக்கு ஒரு சொல்லும் வேண்டாம். உன்மேல கோவம் இருக்கு, இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா இன்னைக்கு நீ கத்துன பாரு, அது போதும். கத்து. எதுக்குன்னு நாங்களே பாத்துக்கிறோம்."

மூக்காயி அதையே எடுத்துக்கொண்டாள். அவள் அலகு வானத்தைப் பார்த்தால் பருந்து, புதரைப் பார்த்தால் நரி, தரையைப் பார்த்தால் பாம்பு. சொல்லில் பொருள் தேடின காலம் போயிற்று. அவள் நிற்கிற இடத்தையும் கழுத்து திரும்பின பக்கத்தையும் பார்த்தால்தான் விஷயம் விளங்கும். நரியும் அதைக் கத்திப் பார்த்துச் சலித்து விட்டுவிட்டது. அது கத்தினால் எல்லோரும் அதைத்தானே திரும்பிப் பார்க்கிறார்கள்?

சடைச்சி மட்டும் திரும்பி வரவில்லை. கௌதாரிகள் இன்றைக்கும் ஆள்காட்டிக்குப் பக்கத்தில் குடியிருப்பதில்லை.

அந்தக் காலையிலிருந்துதான் ஆள்காட்டி நரிக்கும் நாய்க்கும், மாட்டுக்கும் மழைக்கும், வழியோடு போகிற உங்களுக்கும் எனக்கும், சில நேரம் புழு கொண்டு வந்து இறங்குகிற புருஷனுக்கும்கூட ஒரே கூச்சலைப் போட்டுக்கொண்டிருக்கிறது. யார் பக்கத்தில் வந்தாலும் முட்டையை விட்டுத் தள்ளிப் பறந்துபோய் வேறெங்கோ நின்றுதான் கத்தும். முட்டைக்குப் பக்கத்தில் மட்டும், அன்று மூடிய வாயை அது இன்னும் திறக்கவே இல்லை.